இடது பக்கத்தில் ஒன்றுமில்லை

சூரமங்கலம், சேலம்
9-1-1961

அன்புள்ள குழந்தைவேல் அவர்களுக்கு,

உங்கள் மூத்திரப்பையில் இருந்த கல்லை நான் எடுத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தழும்பு நன்றாக ஆறியிருக்கும், தறியில் உட்காரச் சிரமம் இருக்காது என்று நம்புகிறேன்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். சொந்தமாக மருத்துவமனை வைத்துச் சிறுநீர் நோய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் நாங்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். முப்பது பேர். வருஷத்துக்கு ஒரு முறை கூடுவோம். இந்த வருஷ மாநாடு சேலத்தில், பிப்ரவரி நாலு, ஐந்து தேதிகளில். நான்தான் செயலாளர். ஒவ்வொருவரும் தான் குணப்படுத்திய ஒருவரை அழைத்து வந்து மற்றவர்களுக்குக் காட்டுவது வழக்கம். நான் உங்களைக் காட்டலாம் என்றிருக்கிறேன். உடனே பதில் போடவும்.

பாக்கியநாதன்

*

ராசிபுரம்
13-1-1961

டாக்டர் ஐயா அவர்களுக்கு ராசிபுரம் குழந்தைவேல் கும்பிட்டு எழுதுவது.

தங்கள் கார்டு வந்தது. எனக்கு முன்னால் தபால்காரர் சின்னான் அதைப் படித்துவிட்டார். "என்னங்க, உங்களச் சேலத்துல காட்டப் போறாங்களாமா?" என்று கேட்டுக்கொண்டேதான் கையில் கொடுத்தார். தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள். இனி எழுதுவதாக இருந்தால் கவரில் எழுதுங்கள் ஐயா. என் மகள் கந்தம்மாளுக்குக் குமாரபாளையத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளையின் அப்பா சண்முகவேல் எதையும் துருவிக் கேட்கிற ஆள். எனக்கு வந்தது எந்த இடத்து நோய் என்று அவர்களுக்குத் தெரியாது. வயிற்றில் கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

கார்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விளங்கவில்லை. மாநாடு என்றால் எனக்குத் தெரிந்து பந்தல், கொடி, மேடை, ஒலிபெருக்கி. அதில் என்னை எங்கே நிறுத்துவீர்கள்? என் சம்சாரம் பூவாத்தாள் கேட்டதையும் அப்படியே எழுதிவிடுகிறேன். "ஏனுங்க, நல்லா இருக்கற மனுசன எதுக்குங்க முப்பது டாக்டரு பாக்கோணும்? கல்லு மறுபடி வந்திருச்சு, சொல்ல மாட்டாம இப்படிக் கூப்புடறாரோ என்னமோ." அவளுக்குச் சொல்ல ஒரு பதில் எழுதுங்கள்.

குழந்தைவேல்

*

சூரமங்கலம்
18-1-1961

அன்புள்ள குழந்தைவேல்,

கார்டில் எழுதியது என் பிசகு. இனி கவர்தான். கல் மறுபடி வரவில்லை. வந்திருந்தால் எனக்கு முன்னால் உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

மாநாடு என்பது பெரிய பெயர், அவ்வளவுதான். நான்கு ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து பேசுவோம். வெளிநாட்டுக் கருவிகள் வரவழைக்க உத்தரவு கிடைப்பதில்லை. மூத்திரப்பைக்குள் விட்டுப் பார்க்கிற ஒரே குழாய்க் கருவியை மூன்று ஊர் டாக்டர்கள் மாற்றி மாற்றி வாங்கிக்கொள்கிறோம். அதைப் பற்றிப் பேச்சு இருக்கும். யாருக்கு எந்த முறையில் குணமானது என்று பேச்சு இருக்கும். பட்டணத்துப் பெரிய டாக்டர்கள் சிலர், எங்களைப் போல ஒற்றை ஆளாக இருப்பவர்கள் கத்தியைத் தொடவே கூடாது என்கிறார்கள். எனக்கு நர்ஸ் என் மனைவி ஞானமேரிதான் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் நடந்து வந்து நின்றால் அது நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட மேல். எங்களில் மூத்தவர் திருச்சி டாக்டர் அமிர்தசாமி. என் கைமேல் அவருக்கு நம்பிக்கை போதாது. அவரும் வருகிறார்.

பத்து நிமிஷம். சட்டையை மட்டும் கழற்றினால் போதும். ஊர், பேர் சொல்ல மாட்டேன். அன்று காலையிலேயே வந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம். ஊசியில் மருந்து ஏற்றி எடுக்கிற புது வகை. உங்களுக்கு அறுவை செய்தபோது அந்த வசதி இங்கே இல்லை. கல் போன பிறகு எல்லாம் சுத்தமாக இருப்பதை அந்தப் படத்தில் காட்டிவிடலாம்.

பாக்கியநாதன்

*

ராசிபுரம்
23-1-1961

டாக்டர் ஐயா அவர்களுக்கு,

வருகிறேன். பூவாத்தாளுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது. ஆனாலும் மூத்திரம் போக எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுத ஆள் நான். என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது நீங்கள். அதற்காக வருகிறேன். குமாரபாளையத்துக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் இருக்க மாட்டார்கள் அல்லவா?

குழந்தைவேல்

*

சூரமங்கலம்
8-2-1961

அன்புள்ள குழந்தைவேல்,

மண்டபத்திலிருந்து நீங்கள் சொல்லாமலே போய்விட்டீர்கள். ஞானமேரி உங்களுக்கு இலை போட்டு வைத்துக்கொண்டு தேடினாள். கூச்சமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எக்ஸ்ரே படத்தை வைத்துக் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. டாக்டர்களுக்குள் அப்படி நடப்பது உண்டு. உங்களை இன்னொரு முறை சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தோதான நாளில் வாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

பாக்கியநாதன்

*

ராசிபுரம்
14-2-1961

டாக்டர் ஐயா அவர்களுக்கு,

பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குப் பயப்பட வேண்டாம் என்று எழுதவில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். நர்ஸம்மா ஈரம் காயாத படத்தைக் கொண்டுவந்தார். விளக்குப் பெட்டியில் மாட்டினீர்கள். கீழே கல் இருந்த இடத்தைக் குச்சியால் காட்டி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தீர்கள். சிரித்த முகமாக இருந்தீர்கள். அப்போது திருச்சி டாக்டர் எழுந்து வந்து படத்தின் மேல்பக்கம் விரலை வைத்து ஏதோ கேட்டார். அதற்கப்புறம் எல்லாரும் எழுந்து படத்திடம் போய்விட்டார்கள். நான் தனியாக நின்றேன். கிட்னி என்ற சொல் எனக்குத் தெரியும். லெப்ட் தெரியும். நோ தெரியும். திருச்சி டாக்டர் மட்டும் என்னிடம் வந்து இடது விலாவை அமுக்கிப் பார்த்தார், குனிந்து முதுகைப் பார்த்தார், உங்களிடம் ஏதோ கேட்டார். உங்கள் முகம் கறுத்துவிட்டது. உங்கள் சத்தம் பெரிதாயிற்று. "ஐயா, என்னங்கய்யா?" என்று இரண்டு தரம் கேட்டேன். யார் காதிலும் விழவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே காபி ஊற்றிக்கொண்டிருந்த மாதையன் எங்கள் ஊர்க்காரர். வந்து சொல்லிவிட்டார்: "குழந்தைவேலுக்கு ஒரு கிட்னியக் காணமாமா. டாக்டருங்களே சண்டை கட்டறாங்க."

ஆட்டுக்குக் குண்டிக்காய் இரண்டு. கறிக்கடையில் பார்த்திருக்கிறேன். மனுஷனுக்கும் இரண்டுதான் என்கிறார்கள். எனக்கு ஒன்று எங்கே ஐயா? என் உடம்பைத் திறந்தது நீங்கள் ஒருவர்தான்.

குழந்தைவேல்

*

சூரமங்கலம்
20-2-1961

அன்புள்ள குழந்தைவேல்,

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

நான் திறந்தது தொப்புளுக்குக் கீழே, முன்பக்கம். மூத்திரப்பைக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்தேன். சிறுநீரகம் இருப்பது முதுகுப் பக்கம், விலாவுக்கு அடியில். அதை எடுக்க வேண்டுமானால் பக்கவாட்டில் நீளமாகக் கீற வேண்டும். உங்கள் இடுப்பில் அப்படித் தழும்பு இல்லை. வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

படத்தில் வலது பக்கச் சிறுநீரகம் தெரிகிறது. இடது பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. இது இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, பிறக்கும்போதே இல்லாமல் இருந்திருக்கலாம். அப்படியும் சிலர் பிறக்கிறார்கள். அல்லது இருந்து, ஏதோ நோயில் வேலை செய்யாமல் சுருங்கியிருக்கலாம். அப்படியானால் அமிர்தசாமி கேட்டது சரி: அறுவையின்போது, சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயில் என் தையல் ஊசி பட்டு அடைத்து, அதனால் சுருங்கியதா என்பதுதான் அவர் கேள்வி. இல்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் தெரியாது. உள்ளே கருவி விட்டுப் பார்த்தால்தான் தெரியும். வாருங்கள்.

பாக்கியநாதன்

*

ராசிபுரம்
2-6-1961

டாக்டர் ஐயா அவர்களுக்கு,

பூவாத்தாள் விளக்கைப் பிடித்து முதுகைப் பார்த்தாள். தழும்பு இல்லை. ஆனால் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்தான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. டாக்டருக்கே தெரியாது என்றால் யாருக்குத் தெரியும்?

ஊரில் எல்லாரும் ஒரே பேச்சு. நீங்கள் எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். எதற்கு அனுப்புவார் என்று கேட்டால் அது தெரியாதாம். குமாரபாளையத்துக்கும் பேச்சு போய்விட்டது. சண்முகவேல் நேரில் வந்தார். காபி குடித்தார். "வைகாசியில வேண்டாமுங்க, அப்பறம் பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார். கந்தம்மாள் அதற்கப்புறம் தறிக்கே வருவதில்லை.

நீங்கள் எடுத்தீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எடுக்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. கொஞ்ச காலம் எனக்கு எழுதாதீர்கள்.

குழந்தைவேல்

*

சூரமங்கலம்
11-11-1961

அன்புள்ள குழந்தைவேல்,

எழுதாதீர்கள் என்றீர்கள். இத்தனை மாதம் எழுதவில்லை. இன்று எழுத வேண்டியிருக்கிறது.

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து எனக்கு இப்போது யாரும் வருவதில்லை. நல்லபடி குணமாகிப் போனவர்கள்கூட, எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிறார்களாம். சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அடுத்த மாநாடும் பிப்ரவரியில், சேலத்திலேயே. அதில் உங்கள் விஷயத்துக்கு நான் விளக்கம் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் செயலாளர் பொறுப்பை விட வேண்டும். அதைவிட, கத்தியை விடு என்பார்கள் என்று நினைக்கிறேன். விளக்கம் உங்கள் உடம்புக்குள் இருக்கிறது. என்னிடம் இல்லை.

இதை ஞானமேரியிடம் சொன்னேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "அந்த மனுஷன் என்னங்கய்யான்னு ரெண்டு தடவை கேட்டார். எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்கு எப்படிக் கேட்காமப் போச்சு?" என்றாள். அதிலிருந்து ஒரே குழப்பமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் உட்கார்ந்திருக்கும்போதும் இதே நினைப்பு. உங்களைக் கூப்பிடுவது உங்களுக்காகவா எனக்காகவா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே வாருங்கள் என்று எழுதாமல் நிறுத்துகிறேன்.

பாக்கியநாதன்

*

ராசிபுரம்
4-12-1961

டாக்டர் ஐயா அவர்களுக்கு,

வருகிறேன். உங்களுக்காக இல்லை. உண்மையைச் சொன்னால் கந்தம்மாளுக்காகவும் இல்லை. படுத்தால் கை தானாக இடது விலாவுக்குப் போகிறது. ஒன்று இருந்து போயிற்றா, இல்லாமலே இருந்தேனா என்று தெரியாமல் இனி முடியாது. தறியில் பாவு நூல் பூட்டும்போது நடுவில் நின்று விடுகிறேன். பூவாத்தாள் பயந்துபோய் விபூதி பூசுகிறாள்.

ஆனால் இரண்டு பேச்சு. மாநாட்டுக்கு முந்தியே பார்க்க வேண்டும், முப்பது பேர் நடுவில் இல்லை. கருவியைத் திருச்சி டாக்டர் விட்டுப் பார்க்கட்டும். நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள். இன்னொன்று, உள்ளே என்ன கண்டாலும் அவர் அதை முதலில் எனக்கு, தமிழில், சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொல்லும்வரை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது. உங்களிடமும்தான். சம்மதம் என்றால் தேதி எழுதுங்கள்.

குழந்தைவேல்

*

சூரமங்கலம்
20-1-1962

அன்புள்ள குழந்தைவேல்,

நீங்கள் கேட்டபடியே நடந்தது. பதினைந்தாம் தேதி என் மருத்துவமனையிலேயே, என் அறை வாசலிலேயே, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நோயாளிகளின் வீட்டார் உட்காரும் பெஞ்சு. அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. உள்ளேயிருந்து அமிர்தசாமியின் குரல் கேட்டது, உங்கள் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை.

கதவு திறந்து நீங்கள் வந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். கும்பிட்டீர்கள். போய்விட்டீர்கள்.

அமிர்தசாமியைக் கேட்டேன். கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "வாக்குக் குடுத்துட்டேன் பாக்கியநாதன். அவர் சொல்லச் சொன்னாத்தான்" என்றார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. மாநாட்டுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. என்னைத் தண்டிக்க நினைத்தால் அது உங்கள் உரிமை. ஆனால் தண்டனையா, விடுதலையா என்றாவது தெரிந்தால் நல்லது.

பாக்கியநாதன்

*

ராசிபுரம்
27-1-1962

டாக்டர் ஐயா அவர்களுக்கு,

வீம்புக்குப் பேசாமல் போகவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது, அதுவும் எதற்கு என்று தெரியாமல்.

திருச்சி டாக்டர் சொன்னது இது. மூத்திரப்பைக்குள் இரண்டு சின்ன வாசல் இருக்க வேண்டுமாம், இரண்டு கிட்னியிலிருந்தும் வருவதற்கு. எனக்கு வலது பக்கம் ஒன்றுதான் இருக்கிறது. இடது பக்கம் வாசல் வைக்கவே இல்லை, வழவழவென்று இருக்கிறது. "அடைபட்ட மாதிரியும் இல்லீங்க, தச்ச மாதிரியும் இல்லீங்க. தாய் வயித்துலயே அந்தப் பக்கம் ஒண்ணும் உண்டாகலைங்க. பாக்கியநாதன் கை அங்க போகவே இல்லை" என்றார். அவர் திருச்சிக்காரர், எனக்குப் புரியட்டும் என்று எங்கள் ஊர் மாதிரிப் பேசிப் பார்த்தார்.

நீங்கள் எடுக்கவில்லை ஐயா. இதைப் பஸ்ஸிலேயே பத்துப் பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து நாலு வயசாகிறது. பாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சேலத்துக்கு நடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஒன்றோடுதான் நடந்தேன். தெரியாது. இப்போது தெரிந்ததும் குனியப் பயமாக இருக்கிறது. என்னிடம் குறைந்தது ஒன்றுமில்லை, ஆனால் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. இதை எந்த டாக்டரிடம் காட்டுவது?

நேற்று குமாரபாளையம் போனேன். சண்முகவேலிடம், கல் எந்த இடத்தில் இருந்தது என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார். "இதைய முந்தியே சொல்லியிருக்கலாமில்லீங்க? எம் பையன் உங்க கிட்னியவா கண்ணாலம் பண்ணிக்கப் போறான்?" என்றார். பங்குனியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

மாநாட்டில் நானே சொல்கிறேன். சட்டையைக் கழற்ற மாட்டேன். எல்லாரும் தமிழில் பேச வேண்டும்.

குழந்தைவேல்

*

சூரமங்கலம்
7-2-1962

அன்புள்ள குழந்தைவேல்,

மேடைக்குப் பக்கத்தில் உங்களுக்கு நாற்காலி போட்டிருந்தேன். நீங்கள் நின்றுகொண்டே பேசினீர்கள். "போன வருசம் நான் ஒண்ணு கேட்டனுங்க, யாரும் பதில் சொல்லலீங்க" என்று தொடங்கினீர்கள். கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் பழக்கத்தில் இங்கிலீஷில் கேள்வி கேட்டு, பாதியில் நிறுத்தி, தமிழில் முடிக்கத் திண்டாடியதைப் பார்த்தீர்கள் அல்லவா. இனி நோயாளியை முன்னால் நிறுத்தினால் அவருக்குப் புரியும் மொழியில்தான் பேச வேண்டும் என்று அமிர்தசாமி எழுந்து சொன்னார். சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். செயலாளர் பொறுப்பு என்னிடமே இருக்கிறது. ஆனால் போன வருஷம் என் முன்னால் நீங்கள் நின்றதை நினைத்தால் அதில் பெரிய சந்தோஷம் வரவில்லை.

பஸ் ஏறும்போது நீங்கள் கேட்டதற்கு அங்கே பதில் சொல்ல முடியவில்லை. கந்தம்மாளுக்கும் ஒன்றுதான் இருக்குமோ என்று கேட்டீர்கள். இது சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்கிறார்கள். பெரும்பாலும் வருவதில்லை. படம் எடுத்தால் தெரிந்துவிடும். எடுக்கவா வேண்டாமா என்று நான் இரண்டு நாளாக யோசித்தும் என் மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை. நன்றாக இருக்கிற பெண். இரண்டு இருந்தால் உங்களுக்கு நிம்மதி. ஒன்று என்றால் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை, தெரிந்துகொண்டிருப்பதைத் தவிர. ஒன்று மட்டும் நிச்சயம்: பிள்ளை உண்டாகிற காலத்தில் கால் வீங்கினாலோ இடுப்பு வலித்தாலோ, எங்கப்பாவுக்கு ஒன்றுதான் என்று வைத்தியம் பார்ப்பவரிடம் அவள் சொல்ல வேண்டும். மற்றதை நீங்களும் நானும் முடிவு செய்யக்கூடாது. அவளைக் கேளுங்கள்.

பாக்கியநாதன்

*

ராசிபுரம்
19-2-1962

டாக்டர் ஐயா அவர்களுக்கும் நர்ஸம்மாவுக்கும்,

பங்குனி இருபத்திரண்டில் முகூர்த்தம். இரண்டு பேரும் வர வேண்டும். சண்முகவேல் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். அவருக்கும் மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறதாம், இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லையாம்.

கந்தம்மாளைக் கேட்டேன். தறியில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கால் வீக்கம், இடுப்பு வலி எல்லாம் திருப்பிச் சொல்லச் சொன்னேன், சரியாகச் சொன்னாள். "படம் எடுத்துப் பாத்தரலாமா அம்மிணி?" என்றேன்.

தறி நாடாவை நிறுத்திவிட்டு, "ஏனுங்கப்பா, உங்களுக்குத் தெரிஞ்சதுக்கப்பறம் நல்லாத் தூக்கம் வருதுங்களா?" என்று கேட்டாள்.

வருகிறது என்று சொல்லியிருக்கலாம். "இல்லே சாமி" என்றேன்.

அறுந்திருந்த ஓர் இழையை முடிந்தாள். அப்புறம் "நான் தூங்கிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டாள். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தறியில் நானும் உட்கார்ந்து நெய்தேன்.

குழந்தைவேல்